நாற்பதை நான்காக்கியவன்

லித்துவேனிய மொழியில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல். அதன் பொருளை யாராவது கேட்டால் மூச்சு விடாமல் சொல்லிவிடுவேன். அவ்வளவு நன்றாகத் தெரிந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மனிதன் எவ்வளவு பெரிய முட்டாளாக இருக்க முடியும் என்பதை என் அக்கா கல்யாணத்தில் ஊரே வந்து பார்த்தது. ஊர் என்றால் எண்பது பேர் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். வினை ஆரம்பித்தது அங்கேதான்.

முதலில் என் உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் பழைய கடைவீடு ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே காப்பி விற்கிறார்கள். மேலே நாங்கள் ஆறு பேர், வில்னியஸ் நகரத்தில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்காக அட்டவணைகளைச் சுத்தம் செய்கிறோம். ஐரோப்பாவில் எங்கோ விடுதியில் தங்கியவர் தன் வயது இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியிருப்பார். நான் அதை அழிப்பேன். ஒரே ஆள் தன் பெயரை நான்கு முறை எழுதியிருப்பார். மூன்றை அழிப்பேன். மாதச் சம்பளம், மருத்துவச் சலுகை, ஆண்டுக்கு ஒரு விருந்து, எல்லாம் அழிப்பதற்காக. இந்த வேலைக்கு 'டேட்டா அனலிஸ்ட்' என்று பெயர் போட்ட அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சாப்பிடவும் போவேன். (அட்டை குழம்பில் விழுந்த நாட்களும் உண்டு.)

எங்கள் மேலாளர் ரூட்டா, வில்னியஸில் இருக்கிறார். இங்கே பிற்பகல் மூன்று மணியாகும்போது அங்கே அவர் காலைக் காப்பியோடு திரையில் தோன்றுவார். அதிகம் பேசமாட்டார். நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவேன்.

அக்காவின் பெயர் தனம். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். கிளினிக் ஒன்றில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி, தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்தபோது எனக்கு ஏழு வயது. அங்கிருந்தவர்கள் பாதிப் பேர் சுங்கை சிப்புட் தாமான் வீடுகளில் குடியேறினார்கள், மீதிப் பேர் கிடைத்த இடத்துக்குப் போனார்கள். நாங்கள் ஈப்போ வந்தோம். அப்பா அடுத்த சில வருடங்களில் போய்விட்டார். அம்மாவும் நான் பள்ளியில் படிவம் ஐந்து முடிக்கும் முன் போய்விட்டார். அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் அக்காதான்.

அக்காவுக்கு அம்மா இருக்கும்போதே ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அக்காவும் அம்மாவும் தட்டு எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைத்தார்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டார்கள். காரணம் இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அந்தச் செய்தியைச் சொல்ல மறுபடியும் ஒவ்வொரு வீடாகப் போகவேண்டியிருந்தது. அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மாவுக்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை. போனவர் கண்ணம்மா அத்தை.

கண்ணம்மா அத்தை எங்களுக்கு ரத்த உறவு இல்லை. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு, அவ்வளவுதான். அக்கா பிறந்தபோது அம்மா மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். அந்த மூன்று வாரமும் அக்காவைத் தூக்கிவைத்துக்கொண்டு இருந்தவர் அத்தை. இப்போது அறுபதைத் தாண்டியும் சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு, போகிற வழியில் இருக்கும் எல்லோரையும் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறார்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயதில் செல்வம் மாமா அமைந்தார். பாகான் டத்தோவில் தேங்காய் வியாபாரம். மனைவியை இழந்தவர். கிளினிக்குக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர், இருமல் போன பிறகும் நான்கு மாதம் வந்துகொண்டிருந்தார். கடைசியில் அக்காதான், "உங்களுக்கு ஒண்ணும் இல்லலா, வீட்டுக்குப் போங்க" என்றாராம். "அத சொல்லத்தான் வாரேன், வீட்ல யாரும் இல்ல" என்றாராம் இவர். (இந்த மனிதரா தேங்காய் விற்கிறார் என்று எனக்கே ஆச்சரியம்.)

கல்யாணம் முடிவானதும் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"தம்பி, வீடு வீடா போறது மட்டும் என்னால முடியாது. போன தடவ அந்தத் தட்டத் தூக்கிட்டுப் போன வீடுங்கதான் எல்லாம். இந்த வயசுல மறுபடியும் அதே வாசல்ல போய் நிக்கணுமா? வாரவங்க வரட்டும். யாரும் வராட்டியும் பரவால்ல."

யாரும் வராவிட்டாலும் பரவாயில்லை என்று சொன்னபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். மண்டபம் காலியாக இருந்துவிடுமோ என்று அவர் பயப்படுகிறார் என்பது எனக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் ஒரு நல்ல தம்பி, "நீ வராட்டி போ, நான் போய் வைக்கிறேன்" என்று தட்டைத் தூக்கியிருப்பான். நான் மடிக்கணினியைத் திறந்தேன்.

இணையப் படிவம் ஒன்று தயாரித்தேன். மேலே பிள்ளையார் படம், கீழே கேள்விகள். பெயர். கைப்பேசி எண். சைவமா, அசைவமா. (கோயில் மண்டபத்தில் சைவம் மட்டும்தான். ஆனாலும் தகவல் இருக்கட்டுமே என்று கேட்டேன்.) பிறகு சிவப்பு நட்சத்திரம் போட்டு, 'எத்தனை பேர் வருகிறீர்கள்? இக்கேள்விக்குக் கட்டாயம் பதிலளிக்க வேண்டும்.' அடுத்து, 'மணமகளுக்கு நீங்கள் என்ன உறவு?' இதற்குக் கீழே ஒரு பட்டியல். குழப்பம் வரக்கூடாது என்று ஒவ்வோர் உறவுக்கும் அடைப்புக்குறிக்குள் விளக்கம் வேறு கொடுத்திருந்தேன். சித்தப்பா (அப்பாவின் தம்பி). அத்தை (அப்பாவுடன் பிறந்தவர்). இப்படிப் பதினாறு உறவுகள். பதினேழாவதாக, கடைசியில், 'மற்றவை'.

பழைய தோட்டத்துக்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. நூற்றுச் சொச்சம் பேர். அதில் படிவத்தைப் போட்டுவிட்டு, பதில்கள் கொட்டப்போகின்றன என்று காத்திருந்தேன். முதல் நாள் கொட்டியவை: கைகூப்பும் படம் பதினொன்று, ரோஜாப்பூ நான்கு, "பாப்போம்லா" மூன்று, கூடவே யாரோ விற்கிற மூலிகை எண்ணெய்க்கு விளம்பரம் ஒன்று. படிவத்தை நிரப்பியவர் ஒருவரும் இல்லை.

இதில் நான் தெரிந்துகொள்ளாத விஷயம் ஒன்று இருந்தது. என்னைத் தவிர பேராக் மாநிலத்தில் எல்லாத் தமிழருக்கும் அது தெரியும். நம்மிடத்தில் கல்யாணத்துக்கு அழைப்பது என்றால் நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்து, குங்குமம் கொடுத்து, "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்வது. எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்பது, இத்தனை பேருக்கு மேல் வராதீர்கள் என்று சொல்வதற்குச் சமம். அதைச் சிவப்பு நட்சத்திரம் போட்டு, கட்டாயம் என்று வேறு கேட்டிருந்தேன். குழுவில் யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எல்லோரும் கண்ணம்மா அத்தையிடம் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அத்தை கூப்பிட்டார்.

"டேய் பிரகாசு, என்னலா இது? எண்ணி எண்ணித்தான் சோறு போடுவியா?"

"அத்தை, அது சமையலுக்குத்தான். டேட்டா."

"சரி, நான் போடறேன். எப்படிப் போடணும், சொல்லு." மகள் பக்கத்தில் இருந்து கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பெயர் எழுதினார், எண் எழுதினார். பிறகு ஓர் இடத்தில் நின்றார். "உறவுன்னு கேக்குது. இதுல அத்தைன்னு இருக்கு. ஆனா பக்கத்துல அப்பாவுடன் பிறந்தவர்னு போட்டிருக்கு. நான் உங்கப்பா கூடப் பொறந்தவ இல்லையேலா. நான் எங்க இருக்கேன்?"

"கடைசில பாருங்க அத்தை. 'மற்றவை'ன்னு ஒண்ணு இருக்கும். அத அமுக்குங்க."

லைன் போய்விட்டது என்று நினைத்து, "ஹலோ, ஹலோ" என்றேன்.

"சரி, அமுக்கிட்டேன்" என்றார் அத்தை. வைத்துவிட்டார். எப்போதும் திட்டிவிட்டுத்தான் வைப்பார். அன்றைக்குத் திட்டவில்லை. அதுவும் எனக்கு உறைக்கவில்லை. பதில் பதிவாகிவிட்டதா என்று திரையைத்தான் பார்த்தேன்.

இரண்டு வாரத்தில் மொத்தம் பத்தொன்பது பதில்கள் சேர்ந்தன. அதை வைத்து வண்ண வண்ணமாக ஒரு வரைபடம் போட்டேன். பெருமை தாங்காமல் ரூட்டாவிடமும் காட்டினேன். அவர் காப்பியை வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"நூற்றுச் சொச்சம் பேரில் பத்தொன்பது பேர்தான் கொடுத்திருக்கிறார்களா?" என்றார்.

"மற்றவர்கள் வரமாட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்" என்றேன்.

அப்போதுதான் அவர் அந்தச் சொல்லைச் சொன்னார். தகவலுக்கு, தரவுக்கு, லித்துவேனிய மொழியில் 'டுவோமெனிஸ்' என்று பெயர். 'டுவோட்டி' என்றால் கொடுப்பது. அதிலிருந்து பிறந்தது டுவோமெனிஸ், கொடுக்கப்பட்டவை. "பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் சொல்வார்: கொடுக்கப்பட்டதை முதலில் எழுது, பிறகு கண்டுபிடி என்று. அதனால் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் எனக்கு முதலில் தோன்றுவது, இதை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்பதுதான்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். "ரூட்டா! எங்கள் மொழியிலும் அதேதான்! தரவு. தருதல் என்றால் கொடுத்தல். தரப்படுவதால் தரவு!"

ரூட்டா சிரித்து நான் பார்த்தது அன்றுதான். உலகத்தின் இரண்டு கோடிகளில் இருக்கும் இரண்டு கூட்டம், ஒன்றை ஒன்று பார்க்காமலேயே, இந்தப் பொருளுக்கு இதே பெயரை வைத்திருக்கிறது என்று இருவரும் வியந்து பேசிக்கொண்டிருந்தோம். மனிதர்கள் மனம் வந்து கொடுத்தால்தான் அது தரவு. நாம் பிடுங்கிக்கொண்டால் அதற்கு வேறு பெயர். அன்று மாலையே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன்: 'தரவு என்பது தரப்படுவது. எடுக்கப்படுவதல்ல.' அக்கா ஒரு இதயம் போட்டிருந்தார்.

அந்த ஸ்டேட்டஸைப் போட்டுவிட்டு, அதே விரலால், கண்ணம்மா அத்தை கொடுத்ததை அழித்தேன்.

நடந்தது இதுதான். அத்தையின் பதிலில் 'எத்தனை பேர்' என்ற இடத்தில் 40 என்று இருந்தது. அத்தை வீட்டில் இருப்பது அத்தை, மகள், மருமகன், பேத்தி. ஆக நான்கு பேர். நான்கு என்று எழுத வந்தவர் பூஜ்யத்தின்மேல் கைபட்டு நாற்பது ஆகிவிட்டது. இதைவிடத் தெளிவான பிழை உலகத்தில் உண்டா? இருநூற்றுப் பன்னிரண்டு வயதுக்காரரை அழித்த கை இது. பூஜ்யத்தை எடுத்தேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டிருக்கலாம். அத்தை திட்டுவாரே என்று பயம்.

ஆக, எங்கள் பக்கம் அறுபத்தொரு பேர். மாமா வீட்டார் பாகான் டத்தோவில் தனியாக விருந்து வைக்கப்போவதால் அங்கிருந்து பதினைந்து பேர். பாதுகாப்புக்கு நான்கு சேர்த்து எண்பது. சமையல்காரர் குமரேசன் அண்ணனிடம் போய்ச் சொன்னேன்.

"எம்பதா? தம்பி, நம்ம ஆளுங்க கல்யாணம்லா. முந்நூறு போட்டுக்கலாம். மிஞ்சுனா ஆசிரமத்துக்குக் குடுத்துரலாம்."

நான் கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினேன். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"இதுல சோறு எங்க இருக்கு?" என்றார்.

"அண்ணே, எம்பதுதான். இது உறுதி."

"நீ படிச்சவன். சொன்னா சரிதான்" என்றார். அந்தச் 'சரிதான்' இருந்ததே, அதைக் கேட்டே நான் திருந்தியிருக்க வேண்டும்.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை. ஈப்போ கோயில் மண்டபத்தில் வாடகையோடு சேர்த்து நானூறு நாற்காலி வரும். "எண்பது போதும், மீதியை அடுக்கி வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெரிய மண்டபத்தின் நடுவில் எண்பது நாற்காலியைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போடச் சொன்னேன். ஒன்பதரை மணிக்கு மாமா வீட்டுப் பதினைந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். மாமா சந்தனப் பொட்டும் பட்டு வேட்டியுமாக, தாம்பூலப் பைக்கு என்று ஒரு லாரித் தேங்காயோடு வந்திறங்கினார். "எண்ணல தம்பி, ஏத்திட்டு வந்துட்டேன்" என்றார். எண்பது தேங்காய் கேட்டிருந்தேன். வந்தது பாதித் தோப்பு.

பத்து மணிக்கு எங்கள் பக்கத்தில் ஏழு பேர் இருந்தார்கள்.

மணமகள் அறையிலிருந்து அக்கா கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனேன். அரக்குச் சிவப்பில் புடவை, தலை நிறையப் பூ. நான் பார்த்த அக்காக்களிலேயே அழகான அக்கா. (இருப்பது ஒரு அக்காதான். ஆனாலும் அப்படித்தான் தோன்றியது.)

"எத்தன பேருடா வந்திருக்காங்க?" என்றார்.

இத்தனை நாள் ஊரையே கேட்ட கேள்வி. என்னிடம் யாரோ கேட்கிறார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மாமா வீட்டோட சேத்து இருபத்திரண்டு, க்கா. இன்னும் நேரம் இருக்கு."

அக்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு காது ஜிமிக்கியைச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் சரிசெய்தார். "பரவால்லடா. மண்டபம் பெருசு, அதான் அப்படித் தெரியுது" என்றார். என்னைத் தேற்றுகிறார். கல்யாணப் பெண் அவர், யாரும் வராத வருத்தமும் அவருடையது, தேற்றப்பட வேண்டியவனாக நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நூறு வீட்டு வாசலில் நான் போய் நின்றிருக்கலாம். அக்காவுக்காக அதைக்கூடச் செய்யாமல் உட்கார்ந்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வெளியே ஒரு பஸ் ஹார்ன் அடித்தது.

ஓடிப்போய்ப் பார்த்தேன். கோயில் வாசலில் பெரிய பஸ். முன் கண்ணாடியில் வாழைக்கன்று கட்டியிருந்தது. முதலில் இறங்கியவர் கண்ணம்மா அத்தை. பட்டுப்புடவை, கையில் சீர்த்தட்டு. அவர் பின்னால் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தோட்டத்தில் பார்த்த முகங்கள். எனக்குப் பெயர் தெரிந்தவர்கள், பெயர் மறந்தவர்கள், என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனவர்கள். பஸ் காலியாகும் முன்பே அதன் பின்னால் கார்கள் வர ஆரம்பித்தன. கார்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள்கள். தெலுக் இந்தானிலிருந்து ஒரு வேன்.

"அத்தை," என்றேன். "இவ்வளவு பேர்..."

"அப்புறம்? நீ ஃபோன்ல கூப்புட்டா வந்துருவாங்களா? நான்தான் மோட்டார்ல தட்ட வச்சுக்கட்டிட்டு வீடு வீடா போனேன். பத்திரிகை இல்ல, வெத்தல பாக்கு வச்சேன். எம் பொண்ணு கல்யாணம், வந்துருங்கன்னேன். அன்னிக்கு இதே வீடுங்களுக்குத்தான் நான் போய், கல்யாணம் நின்னு போச்சுன்னு சொன்னேன். இத சொல்லவும் நான்தானே போகணும்?"

அத்தையின் கையிலிருந்த சீர்த்தட்டை வாங்கிக்கொண்டேன். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே, அத்தை" என்றேன்.

அத்தையின் குரல் மண்டபத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. "சொன்னேனேலா! உன் படிவத்துலயே போட்டேனே! பஸ்ல நாப்பது பேருன்னு போட்டேனா இல்லையா? கார்ல வாரவங்கள நீ கேக்கல!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொய் சொல்ல அன்றைக்கு எனக்கு ராசியே இல்லை.

"அது தப்பா அமுக்கிட்டீங்கன்னு நெனச்சு, நாலுன்னு மாத்திட்டேன், அத்தை."

பஸ் ஓட்டுநர்தான் முதலில் சிரித்தார். அவரை அடுத்து எல்லோரும். அடுக்கி வைத்த நாற்காலிகளை அவர்களே எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அத்தை மணமகள் அறைக்குள் போனார். கதவு திறந்திருந்தது. அக்கா எழுந்து நின்று, "அத்தை, யாரெல்லாம் வந்திருக்காங்க?" என்று கேட்டதும், "எல்லாரும்தான்" என்று அத்தை சொன்னதும் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு கேட்டது அழுகை. யார் அழுதது என்று எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு பேரும்தான் என்று பிறகு தெரிந்தது. அக்காவுக்கு அலங்காரம் செய்த பெண் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

நிறைந்த மண்டபத்தில் தாலி ஏறியது. அட்சதை மழையாகக் கொட்டியது. அக்கா தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அந்த முகத்தைப் பார்க்க நான் கொடுத்து வைத்திருந்தேன். ஆனால் முழுதாகப் பார்க்கவிடாமல் என் தோளில் ஒரு கை விழுந்தது. குமரேசன் அண்ணன்.

"தம்பி. அந்தப் படத்த இன்னொரு தடவ காட்டு" என்றார்.

அலாமாக்! சாப்பாடு!

முதல் பந்தியில் எண்பது பேர் உட்கார்ந்தார்கள். அவர்கள் பின்னால் இன்னும் முந்நூறு பேர் நின்றார்கள், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. அண்ணன் என் வரைபடத்தை நம்பவில்லை என்பது அப்போது வெளியே வந்தது. வண்டியில் நான்கு மூட்டை அரிசி, ஒரு மூட்டைப் பருப்பு, சும்மா ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் காய்கறி இல்லை, இலை இல்லை, அரிசி வேகும்வரை கொடுக்க எதுவும் இல்லை. மாமா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரிக் கதவைத் திறந்துவிட்டார். சுங்கை சிப்புட் பெண்கள் பட்டுப்புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தேங்காயை உடைத்தார்கள். ஒருபக்கம் துருவினார்கள், ஒருபக்கம் துவையல் அரைத்தார்கள். "தாலி கட்டுன கையோட தேங்கா உரிக்கிற மாப்பிள்ளைய இப்பதான் பாக்கறேன்" என்றார் அத்தை. மாமா, "நான் வேற என்ன படிச்சிருக்கேன், அத்தை?" என்றார்.

அரிசி வேகும்வரை கூட்டத்தைத் தாங்க என்னை எதிர் வரிசையில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைக்கு ஓடவிட்டார்கள். பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் வாங்கி வரவேண்டும். பட்டு ஜிப்பாவும் மூச்சிரைப்புமாகப் போய் நின்றேன். ரொட்டி வீசிக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார்.

"எத்தன பேருக்கு?" என்றார்.

வாயைத் திறந்தேன், ஓர் எண்ணும் வரவில்லை. ஒரு கல்யாணத்தையே எண்ணிக்கையில் அடக்கிவிட்டதாக நம்பியவன், ரொட்டிக்கடை வாசலில் கைகூப்பி நின்றேன்.

"தெரியல, அண்ணே. அக்கா கல்யாணம். இருக்கறதெல்லாம் குடுங்க."

அவர் எதிர்ப்பக்கம் கோயில் வாசலைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி, எல்லா மாவையும் எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். கோயில் மண்டபத்தில் மாமாக் கடை ரொட்டியா என்று ஒருவர் முணுமுணுத்தபோது, "கோதும மாவுதானேலா, உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான்" என்று அத்தை முடித்துவைத்தார். மூன்று மணிவரை பந்தி நடந்தது. ரொட்டியும் பருப்பும், பிறகு தேங்காய்ச் சாதமும் துவையலும். இலை தீர்ந்து, பழுப்புத் தாள் போட்டுச் சாப்பிட்டார்கள். ஒருவரும் பசியோடு போகவில்லை. ஒருவரும் என்னைத் திட்டாமலும் போகவில்லை.

எல்லாம் ஓய்ந்த பிறகு அத்தை ஒரு ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்தை, அந்தப் பட்டியல்ல உங்கள 'மற்றவை'ன்னு போடச் சொன்னது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். அத்தை என் காதைப் பிடித்துத் திருகினார். சின்ன வயதில் திருகிய அதே அளவு வலித்தது. "அன்னிக்கு ராவு நான் சாப்புடல, தெரியுமா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் தட்டில் தேங்காய்ச் சாதம் போட்டார்.

அடுத்த வாரம் ரூட்டாவிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். பிறகு, மூல அட்டவணையைக் காட்டு என்றார். நான் கைவைப்பதற்கு முன் இருந்தது. பத்தொன்பது வரிகளையும் மெதுவாகப் படித்தார்.

"இதில் எட்டுப் பதில்கள் ஒரே மாலையில், இருபது நிமிடத்துக்குள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஒரு ஆள், ஒரு ஆள் என்றே இருக்கிறது. எட்டும் ஒருவரே கொடுத்ததாக இருக்கவேண்டும். நீ பார்க்கவில்லையா?"

பார்க்கவில்லை. பெயர்களைப் பார்த்தேன். அக்கா கிளினிக்கில் கூட வேலை செய்தவர்கள் என்று நினைத்து, தெரியாத பெயர்கள் என்று விட்டிருந்தேன். அன்று வேலை முடிந்ததும் பாகான் டத்தோவுக்குப் போன் போட்டேன்.

"க்கா, அந்தப் படிவத்துல எட்டுப் பேரு. அது நீயா?"

அக்கா சிரித்தார். மாட்டிக்கொண்டவர் சிரிக்கும் சிரிப்பு. "அவங்கள்லாம் எப்பவோ ஜொகூருக்கு மாத்தல் ஆகிப் போயிட்டாங்கடா."

"ஏன் க்கா அப்படிச் செஞ்ச?"

"நீ தெனமும் அந்த ஃபோன எடுத்து எடுத்துப் பாத்துட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு இருந்த. பாக்கப் பாவமா இருந்துச்சு. எனக்குன்னு நீ செஞ்ச ஒண்ணு, அது வீணாப் போகக் கூடாதுன்னு இருந்துச்சு. அதான் நாலு பேரு வந்த மாதிரி இருக்கட்டுமேன்னு."

தன் கல்யாணத்துக்கு யாரும் வரமாட்டார்கள் என்று பயந்துகொண்டிருந்தவர், எனக்காக எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சக ஊழியர்கள், ரூட்டா என்னை வேலையை விட்டு எடுத்துவிட்டார் போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம்.

இந்தக் கதையை அக்காதான் அத்தையிடம் சொன்னார். அத்தையிடம் சொன்னால் சுங்கை சிப்புட் முழுவதும் சொன்ன மாதிரி. இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், காதுகுத்தோ, வீடு குடிபுகுதலோ, தட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவன் நான்தான். யாரையும் எதுவும் எண்ணிக் கேட்பதில்லை. சமைக்கிற அன்று காலை, அரிசி களையும் முன்பு, குமரேசன் அண்ணன் முகத்தில் சிரிப்பே இல்லாமல் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"தம்பி, அந்த எட்டுப் பேரு?"

"வாராங்க, அண்ணே."

எட்டுப் பேருக்கு அரிசி கூடப் போடுவார். இதுவரை ஒரு தடவையும் அந்தச் சோறு மிஞ்சியதில்லை.